லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? வடக்குப்பட்டு வீடுகளுக்குக் கைவசக் குறிப்புகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே ஒரகடம் பக்கத்து வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். பிள்ளைக்குப் படிப்பும் வேணும், கேமும் வேணும். அப்பாவுக்கு பட்ஜெட், அம்மாவுக்குக் கரன்ட் பில். கடைக்காரர் ‘கன்ஃபிகரேஷன்’ சொல்லி நம்மைக் குழப்புறதுக்குள்ளே வீட்டிலேயே யோசிச்சு வைக்க வேண்டியதை இங்கே சொல்லிடறேன், தோழிகளே, தோழர்களே.

1. முதல்ல கடையைப் பார்க்காதீங்க, வீட்டைப் பாருங்க. டெஸ்க்டாப்புக்கு நிரந்தரமா ஒரு மேசை, பக்கத்திலேயே ப்ளக் பாயின்ட், காற்று போக இடம், இந்த மூணும் வேணும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கிற லைன் வீடுன்னா பேச்சே வேண்டாம், லேப்டாப்தான்.

2. வீட்டில் யாராவது நைட் ஷிப்ட் போறாங்களா? காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தூங்குறவர் படுக்கிற அறையில் டெஸ்க்டாப்பை வைக்காதீங்க. கேபினெட் ஃபேன் சத்தம், கீபோர்டு தட்டுற சத்தம், மானிட்டர் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அவர் தூக்கத்தைக் கெடுக்கும். லேப்டாப்னா பிள்ளை அதைத் தூக்கிட்டு வராந்தாவுக்குப் போயிடும். வேற வழியே இல்லை, டெஸ்க்டாப்தான்னு ஆயிட்டா, டக்டக்குன்னு சத்தம் போடுற மெக்கானிக்கல் கீபோர்டை விட்டுட்டு சாதாரண மெம்பரேன் கீபோர்டு வாங்குங்க. கூடவே ஒரு ஹெட்செட். பணமும் மிச்சம்.

3. ஹாஸ்டல்னா லேப்டாப். வீட்டிலிருந்து காலேஜ் பஸ்ஸில் போய்வர்ற பிள்ளைக்கு லேப்டாப்பைத் தினமும் தூக்கிட்டுப் போக வேண்டிய அவசியம் இருக்கான்னு சீனியர்கிட்ட கேளுங்க. பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் லேபில் இருக்கிற மெஷினே போதும், வீட்டில் டெஸ்க்டாப் வெச்சுக்கலாம்.

4. அட்மிஷன் போட்ட அன்றைக்கே வாங்கணும்னு சட்டம் எதுவும் இல்லை. இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் பெரும்பாலும் கணக்கு, இயற்பியல், வேதியியல், கொஞ்சம் புரோகிராமிங்தான் இருக்கும். டிபார்ட்மென்ட்டில் எந்த சாஃப்ட்வேர் ஓடுதுன்னு தெரிஞ்ச பிறகு வாங்கினா பத்துப் பதினைஞ்சாயிரம் வீணாகாது.

5. ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. நம்ம வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டினப்போ கற்காலக் கருவியும் ரோமானிய ஜாடித் துண்டும் கிடைச்சுதே, அதைப் பார்த்துட்டு வரலாறு எடுத்த பிள்ளைன்னு வெச்சுக்குங்க. பி.டி.எஃப். படிக்க, கட்டுரை டைப் அடிக்க, வகுப்பைப் பார்க்க 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ள சாதாரண லேப்டாப் தாராளம்.

6. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், டூல் அண்ட் டை டிப்ளமோ எடுத்த பிள்ளைகள் இந்தப் பக்கம் ஜாஸ்தி. சாலிட்வொர்க்ஸ், கேட்டியா ரெண்டும் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதனால் பார்க்க அழகா இருக்குன்னு மேக்புக் வாங்கிடாதீங்க. ரேம் 16 ஜிபியாவது வேணும். பெரிய அசெம்பிளி வரையும்போது 15 அங்குலத் திரை கண்ணை வாங்கிடும், இந்தப் படிப்புக்கு டெஸ்க்டாப்தான் சுகம்.

7. ஆட்டோகேடுக்குத் திருட்டு காப்பி போட்டுத் தர்றேன்னு யாராவது ஐநூறு, ஆயிரம் கேட்டா கொடுக்காதீங்க. மாணவர்னு சான்று காட்டினா ஆட்டோடெஸ்க் நிறுவனமே ஒரு வருஷத்துக்கு இலவசமாத் தருது, படிக்கிற வரைக்கும் புதுப்பிச்சுக்கலாம். வைரஸ் பயமும் இல்லை.

8. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளை ‘ஏ.ஐ. படிக்கணும், அதனால் கேமிங் லேப்டாப் வேணும்’னு சொன்னா சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குங்க. பைத்தான், ஜாவா, வெப் டிசைன் எல்லாம் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். கனமான பயிற்சி வேலைக்கு கூகுள் கோலாப் இருக்கு, இணையத்திலேயே இலவசமா கொஞ்ச நேரம் கிராபிக்ஸ் கார்டு தரும்.

9. ‘கேம்’னு பிள்ளை சொன்னா எந்த கேம்னு பேரைக் கேட்டு எழுதி வாங்குங்க. பி.ஜி.எம்.ஐ.யும் ஃப்ரீ ஃபயரும் போனில் ஆடுறது, அதுக்காக கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். வேலரன்ட், மைன்கிராஃப்ட் மாதிரியானவை தனி கார்டு இல்லாத மெஷினிலும் சுமாரா ஓடிடும். ஜி.டி.ஏ. 5, புதுசா வர்ற பெரிய கேம்கள்னா மட்டும்தான் கார்டு பத்திப் பேசணும்.

10. பழைய மெஷினில் வேலரன்ட் ஆடலாம்னு வாங்குறவங்க ஒண்ணைக் கவனிங்க. விண்டோஸ் 11-ல் அந்த கேம் ஓட டி.பி.எம். 2.0-வும் செக்யூர் பூட்டும் ஆன் ஆகியிருக்கணும். கடையிலேயே ஆன் பண்ணிக் காட்டச் சொல்லிட்டுப் பணத்தை நீட்டுங்க.

11. இப்போ என் தீர்ப்பைச் சொல்லிடறேன். குறைஞ்ச பட்ஜெட்டில் கேமிங் லேப்டாப் வேண்டாம். எடை ரெண்டேகால் கிலோவுக்கு மேலே, அடாப்டரும் கனம். பேட்டரியில் கேம் ஆடினா வேகம் பாதியாகும், ஒரு மணி நேரத்தில் சார்ஜும் காலி. கடைசியில் ப்ளக் பாயின்ட்டை விட்டு நகர முடியாத லேப்டாப்பா ஆயிடும், அதுக்கு அதே பணத்தில் டெஸ்க்டாப் வாங்கினா இன்னும் நல்லா ஓடும், சூடும் கம்மி. ஹாஸ்டலில் இருந்துகிட்டே கேமும் ஆடியே தீரணும்கிற பிள்ளைக்கு மட்டும்தான் அது சரி.

12. அப்படியும் கேமிங் லேப்டாப்தான்னா, கார்டு பேரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ஒரே ஆர்.டி.எக்ஸ். 4050 ஒரு மாடலில் குறைஞ்ச வாட்டிலும் இன்னொன்றில் 100 வாட்டுக்கு மேலும் ஓடும், வேகத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும். ‘டி.ஜி.பி. எத்தனை வாட்?’னு கேளுங்க, விற்கிறவருக்குத் தெரியலைன்னா அந்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடல் நம்பரைப் போட்டுப் பாருங்க.

13. ஆர்.டி.எக்ஸ். 3050-ல் 4 ஜிபி, 6 ஜிபின்னு ரெண்டு வகை லேப்டாப் வருது. ரெண்டாயிரம், மூவாயிரம் கூட ஆனாலும் 6 ஜிபியே எடுங்க. புது கேம்களுக்கு 4 ஜிபி இப்பவே திணறுது.

14. செலவு குறைவா கேமிங் டெஸ்க்டாப் வேணும்னா இதுதான் சூத்திரம்: கம்பெனிகள் லீஸ் முடிஞ்சு கழிச்ச ஆபீஸ் டவர் கம்ப்யூட்டரைச் செகண்ட்ஹேண்டில் வாங்கி, அதில் ஒரு கார்டு சொருகுறது. டெஸ்க்டாப்புக்கான ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி கார்டு 70 வாட்தான் இழுக்கும், பல மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம், போர்டில் சொருகினா வேலை செய்யும். பகலில் ஆட்டோகேடு, ராத்திரி கேம், ரெண்டையும் அதே மெஷின் பார்த்துக்கும்.

15. மேலே சொன்னதில் ஒரு பொடி வெச்சிருக்கு. ஒல்லியா படுத்தாப்பல இருக்கிற சின்ன கேபினெட்டை வாங்கிட்டா முழு உயரக் கார்டு உள்ளே போகாது, அதுக்கான குட்டைக் கார்டு தேடி அலையணும். நிமிர்ந்து நிற்கிற முழு டவரா பார்த்து எடுங்க.

16. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. அதனால் செகண்ட்ஹேண்ட் மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏற்கிறதா இருக்கணும்; இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ரைசன்னா 2000 வரிசைக்குக் கீழே வாங்காதீங்க. ஐ7-னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், நாலாம் தலைமுறையா இருக்கும். விலை மலிவா இருக்கிறதுக்குக் காரணமே அதுதான்.

17. கம்ப்யூட்டர் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போறவங்க ஞாயிறு தவிர வேற நாள் பாருங்க, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை பூட்டியிருக்கும். தாம்பரம் வரை பஸ், அங்கே மின்சார ரயில், கிண்டியில் மெட்ரோ மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கினா நடக்கிற தூரம்தான். மூணு கடையில் எழுத்தில் கொட்டேஷன் வாங்கிட்டு ஒரு டீ குடிங்க, அப்புறம் பேரம் பேசுங்க.

18. செகண்ட்ஹேண்ட் லேப்டாப்னா பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கு. அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ன்னு ரெண்டு எண் வரும். ரெண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே இருந்தா, புது பேட்டரி விலையைக் கழிச்சுக் கேளுங்க. கீல் லூஸா இருக்கா, எல்லா கீயும் விழுதா, சார்ஜர் முனை ஆடுதா, இதையும் அங்கேயே பார்த்துடுங்க.

19. ‘பக்கத்துலயே செய்யறாங்க, கேட்டிலேயே மலிவா கிடைக்காதா?’ன்னு கேட்கிறவங்க நிறைய. டெல் ஸ்ரீபெரும்புதூரில் 2007-லிருந்து இருக்கு, எச்.பி. கம்ப்யூட்டர்கள் அங்கே ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகுது, ஒரகடத்தில் லேப்டாப் ஆலைக்கு டிக்சன் 2025 பிப்ரவரியில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டுச்சு. ஆனா ஆலை வாசலில் சில்லறை விற்பனை கிடையாது, ‘ஃபேக்டரி பீஸ்’னு சொல்லி யாராவது பில் இல்லாம நீட்டினா தொடவே தொடாதீங்க. உள்ளே வேலை பார்க்கிற சொந்தக்காரர் இருந்தா, ஊழியர் தள்ளுபடி இருக்கான்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

20. கல்லூரியில் படிக்கிற பிள்ளையா? அரசு லேப்டாப் வருதான்னு முதல்ல கேளுங்க. ரெண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தர்றதா 2025–26 தமிழக பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. அது கைக்கு வந்துட்டா படிப்புக் கவலை தீர்ந்தது. கையில் இருக்கிற காசை டெஸ்க்டாப்புக்கோ நல்ல மானிட்டருக்கோ போடலாம்.

21. 2011-ல் ஆரம்பிச்ச பழைய இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவோ மாமாவோ வாங்கினது பரணில் கிடக்குதா? எடைக்குப் போட்டுடாதீங்க. உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் மின்ட் மாதிரி எடை குறைஞ்ச சிஸ்டம் போட்டா, எட்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தட்டச்சுப் பழகவும் பாடம் படிக்கவும் ஆகும். கேம் ஓடாது, அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

22. ரேம் விலை 2025 கடைசியிலிருந்து தாறுமாறா ஏறிக் கிடக்கு, ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் அள்ளிட்டுப் போறதுதான் காரணம். ‘இப்போ 8 வாங்கிப் பின்னாடி கூட்டிக்கலாம்’கிற பழைய கணக்கு இப்போ இடிக்குது. ரேம் ஏற்கெனவே 16 இருக்கிற பழைய டவர் கிடைச்சா அதுதான் லாபம். லேப்டாப்பில் ரேம் போர்டோடு பற்றவைத்ததா, காலி ஸ்லாட் இருக்கான்னு கேட்காம வாங்காதீங்க.

23. கேமுக்கு 256 ஜிபி எஸ்.எஸ்.டி. பத்தாது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஒண்ணே 85 ஜிபி கேட்குது, விண்டோஸ் வேற இடம் பிடிக்கும். 512 ஜிபியாவது எடுங்க.

24. கரன்ட் கணக்கு போடத் தெரியாம பயப்படுறவங்களுக்கு: 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். சாதாரண லேப்டாப் சராசரி 30 வாட்னு வெச்சா, தினம் 5 மணி நேரத்துக்கு ரெண்டு மாசத்தில் 9 யூனிட்தான். மானிட்டரோடு 100 வாட் இழுக்கிற ஆபீஸ் டெஸ்க்டாப் அதே நேரத்துக்கு 30 யூனிட். 350 வாட் கேமிங் டெஸ்க்டாப்பில் தினம் 3 மணி நேரம் ஆடினா 63 யூனிட். வீட்டுக்கு இலவசமா கிடைக்கிற யூனிட்டில் நல்ல பங்கு கேமுக்கே போயிடும், பாருங்க.

25. ரெண்டு மாசத்தில் 500 யூனிட் தாண்டினா, கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழ் அடுக்குக் கணக்கே மாறிடும். ஏசி ஓடுற ஏப்ரல், மேயில் 480, 490-னு மீட்டர் நிற்கிற வீடுகள், ரீடிங் எடுக்கிற கடைசி வாரத்தில் கேம் நேரத்தைக் குறைச்சுக்கச் சொல்லுங்க. பிள்ளையையே மீட்டர் பார்த்து எழுதச் சொன்னா இன்னும் நல்லது.

26. வாடகை வீட்டில் ஓனர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்குறாரா? உங்களுக்கு இலவச யூனிட் கணக்கு கிடையாது, 63 யூனிட்டுக்கும் முழுக் காசுதான். அந்த ரேட்டால் மேலே சொன்ன யூனிட்டைப் பெருக்கிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

27. டெஸ்க்டாப் வாங்கினா யு.பி.எஸ். செலவையும் சேர்த்துத்தான் விலை பேசணும். சாதாரண மெஷினுக்கு 600 வி.ஏ. போதும், சேமிச்சு அணைக்க பத்து நிமிஷமாவது கிடைக்கும். கார்டு போட்ட மெஷினுக்கு 1,000 வி.ஏ.வுக்கு மேல் பாருங்க. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நிற்கலைன்னா முழு யு.பி.எஸ்.ஸையும் தூக்கிப் போடாதீங்க, உள்ளே இருக்கிற 12 வோல்ட் பேட்டரியை மட்டும் மாத்தலாம்.

28. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கா? அதில் ‘யு.பி.எஸ். மோடு’ன்னு ஒரு சுவிட்ச் இருக்குதான்னு பாருங்க. அதில் வெச்சா கரன்ட் மாறுற இடைவெளி குறையும், பெரும்பாலும் கம்ப்யூட்டர் அணையாது. தனி யு.பி.எஸ். செலவு மிச்சம், ஆனா கேமிங் மெஷினையும் மிக்ஸியையும் ஒண்ணா ஓட்டாதீங்க.

29. மாதாந்திரப் பராமரிப்புன்னு மின்வாரியம் பகலில் நிறுத்துற நாளில் டெஸ்க்டாப் வெறும் பெட்டி. ஆன்லைன் தேர்வு, அசைன்மென்ட் கடைசி நாள் இருந்தா அறிவிப்பை முந்தின நாளே பார்த்துடுங்க. லேப்டாப் வீட்டுக்காரங்க ராத்திரியே சார்ஜ் போட்டு வெச்சா போதும்.

30. கேபினெட்டைத் தொட்டா ‘சுர்’னு லேசா ஷாக் அடிக்குதா? மெஷினில் கோளாறுன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க, பெரும்பாலும் அந்த ப்ளக்கில் எர்த் இருக்காது. அவசரமா கட்டின வாடகை வீடுகளில் இது சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரி பண்ணுங்க, அதுவரைக்கும் செருப்போடு உட்காரச் சொல்லிச் சமாளிக்காதீங்க, உயிர் விஷயம்.

31. சிப்காட் ரோட்டு ஓரத்து வீடுன்னா லாரிப் புழுதிக்குக் கணக்கே இல்லை. கேபினெட்டைத் தரையில் வைக்காம ஒரு அடி உயர ஸ்டூலில் வைங்க, பாதித் தூசு குறையும். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கிட்டு ப்ளோயரில் ஊதுங்க. பிடிக்காம ஊதினா ஃபேன் வேகமாச் சுத்திக் கெட்டுடும்.

32. கேபினெட் பின்னாடி காலி ஸ்லாட்டைத் திறந்து விட்டா பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறிடும், சூடு அதுகளுக்குப் பிடிக்கும். உள்ளே போன பல்லி போர்டில் சிக்கினா ஷார்ட் ஆகிடும். அந்தத் தகடு பத்து இருபது ரூபாய்தான், கேட்டு வாங்கி மூடிடுங்க. மேசையில் முறுக்கு, மிக்சர் வேண்டவே வேண்டாம், எறும்பு கீபோர்டுக்குள்ளே புத்தே கட்டிடும்.

33. லேப்டாப்பைப் படுக்கையில், தலையணை மேலே வெச்சு ஓட்டினா அடியில் இருக்கிற காற்று ஓட்டை அடைச்சு மெஷின் கொதிக்கும். கூலிங் பேடுக்குக் காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி, பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடியை வெச்சு உயர்த்திப் பாருங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அந்தச் சின்ன உயரமே நல்ல வித்தியாசம் காட்டும்.

34. எப்பவும் சார்ஜரிலேயே இருக்கிற லேப்டாப்னா, சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கிற மாதிரி அந்தக் கம்பெனி ஆப்பில் வெச்சுடுங்க. பேட்டரி இன்னும் நாள் உழைக்கும்.

35. படிப்பும் கேமும் ஒரே மெஷினில்னா நடுவழி ஒண்ணு இருக்கு: நல்ல லேப்டாப், வீட்டுக்கு ஒரு 24 அங்குல மானிட்டர், சாதாரண கீபோர்டு, மவுஸ். எச்.டி.எம்.ஐ. கேபிளில் மாட்டினா அதுவே டெஸ்க்டாப், கேபிளைப் பிடுங்கினா காலேஜுக்குப் போற லேப்டாப். லேப்டாப் கீபோர்டும் தேயாது, அதை மாத்துறதுக்கு ஆகிற செலவுக்கு வெளிக் கீபோர்டு அஞ்சு வாங்கலாம்.

36. டெஸ்க்டாப்பில் வைஃபை இல்லைன்னு உடனே டாங்கிள் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி ‘டெதரிங்’ போட்டா வைஃபையோ மொபைல் டேட்டாவோ அதன் வழியா வந்துடும். கேம் டவுன்லோடை மட்டும் மொபைல் டேட்டாவில் விட்டுடாதீங்க, ஒரே நாளில் பேக் காலி.

37. அசெம்பிள் பண்ற டெஸ்க்டாப்புக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பரோடு பில் வாங்குங்க. வாரன்டி பாகத்துக்குப் பாகம் தனி, ஒண்ணு கெட்டா அதை மட்டும் மாத்திக்கலாம். லேப்டாப்புக்கு வீட்டுக்கே வர்ற ஆன்சைட் வாரன்டியான்னு கேளுங்க. இல்லைன்னா ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு சர்வீஸ் சென்டருக்கு நீங்கதான் தூக்கணும். பில் மை மங்கிடும், வாங்கின அன்றைக்கே போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைங்க.

38. ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’னு சொன்னா, பிராசஸிங் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவோம்னு ஒரே ஒரு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்க. அதே மெஷினுக்கு ரொக்க விலை என்னன்னு பக்கத்தில் எழுதிப் பாருங்க. கம்பெனியில் தீபாவளி போனஸ் வர்ற வீடுன்னா ஆயுத பூஜை, தீபாவளி ஆஃபர் வரைக்கும் பொறுத்தா ரெண்டு பக்கமும் லாபம்.

39. பழைய மெஷினை விற்கிறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிற எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் பண்ணுங்க. ஆதார், மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கும். உப்பின லேப்டாப் பேட்டரியைக் குத்திப் பார்க்கிறது, பழைய இரும்புக் கடையில் போடுறது ரெண்டுமே ஆபத்து, தீப்பிடிக்கும். மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்துடுங்க. இதை எல்லாம் படிச்ச பிறகும் குழப்பமா இருந்தா, அதே கோர்ஸில் மூணாம் வருஷம் படிக்கிற பிள்ளை உங்க தெருவிலேயே இருக்கும்; கடைக்குப் போறப்போ அதையும் கூட்டிட்டுப் போங்க.